2024-இன் இண்டி ராக்: ஆளைப் பிடித்துக்கொண்டு போங்கள், ஆல்பம் தானாக வரும்

இண்டி ராக் கேட்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் நான் வரலாற்றைத் தூக்கிக் கொடுப்பதில்லை, ஒரே ஒரு ஆண்டைக் கொடுக்கிறேன். வரலாறு என்றால் எழுபதுகளின் கடைசியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டு வர வேண்டும், மூன்றாவது வாரத்தில் அலுத்துப் போகும். ஒரு ஆண்டு என்றால் கைக்கு அடங்கும்.

நான் கொடுக்கும் ஆண்டு 2024. அந்த ஆண்டில் எனக்குப் பிடித்த ஆல்பங்கள் பல, ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள் மாதிரி. ஒன்றில் கிட்டார் வாசித்தவர் இன்னொன்றின் அட்டையில் தன் பெயரோடு நிற்பார், ஒன்றை வெளியிட்ட லேபிளே, அதாவது இசை நிறுவனமே, மற்றொன்றையும் வெளியிட்டிருக்கும், மே மாதம் இறந்துபோன ஒருவரின் கை நவம்பரில் வந்த ஆல்பத்தில் கேட்கும். அதனால் ஷூகேஸ், போஸ்ட் பங்க், ஸ்லோகோர் என்று வகைப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆட்களைப் பின்தொடருங்கள், போதும்.

முதலில் அந்தச் சொல்

இண்டி என்பது இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம், அதாவது பெரிய இசை நிறுவனங்களின் பிடிக்கு வெளியே, சின்ன லேபிள்களில் வந்த இசை. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கி, நான்கு பாட்டுகள் கொண்ட இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. நாமே செய்யலாம் போலிருக்கிறதே என்று பலருக்குத் தோன்றியது அதைப் பார்த்துத்தான். 1980-இல் பிரிட்டனில் இண்டி இசைத்தட்டுகளுக்கென்றே தனியாக விற்பனைப் பட்டியல் வந்துவிட்டது. இன்று அந்தச் சொல் பாதி லேபிளையும் பாதி ஒலியையும் குறிக்கிறது: கிட்டார் முன்னால் நிற்கும், குரல் பளபளப்பாக இருக்காது, பிசிறுகளைத் துடைத்து எடுத்திருக்க மாட்டார்கள். பெரிய நிறுவனத்தில் வந்த ஆல்பத்தை யாராவது இண்டி என்று சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம், கேட்டுவிட்டுப் பேசலாம்.

படி 1: போனைச் சரிசெய்யுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் வீண். ஷஃபிளை அணையுங்கள். ஆல்பம் முடிந்ததும் செயலி தானாக வேறு எதையோ ஓட்டுமே, அதையும் அணையுங்கள். ஆல்பம் முடிந்த பிறகு வரும் அமைதியும் அதில் சேர்த்திதான். ஒரு பாட்டு தேயும்போதே அடுத்த பாட்டு உள்ளே நுழைகிற க்ராஸ்ஃபேட் அமைப்பு இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அடிச்சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் அதில் கேட்கவே கேட்காது. சாதாரண ஹெட்போன் போதும்.

அப்புறம் நேரம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20, 22 நிமிடங்கள்தான் நல்ல ஒலியோடு பிடிக்கும். அதனால் இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிடம் என்பது பழைய கணக்கு, ராக் ஆல்பங்களில் பல இன்றும் அதை ஒட்டியே வருகின்றன. நாற்பது நிமிடம் ஒதுக்க முடிகிற நாளில் மட்டும் தொடங்குங்கள். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அது வேறு ஆல்பம்.

படி 2: மூன்று முறை கேட்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆல்பத்தையும் மூன்று முறை முழுசாகக் கேட்காமல் பிடித்தது, பிடிக்கவில்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

முதல் முறை வெறுமனே கேளுங்கள், வரிகளைப் பார்க்காதீர்கள், நடந்துகொண்டே கேட்டாலும் சரி. ஆங்கிலப் பாட்டில் பாதி வார்த்தை புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. இரண்டாம் முறை வரிகளைத் திறந்து வைத்து உட்கார்ந்து கேளுங்கள். மூன்றாம் முறை ஒரே ஒரு கருவியை மட்டும் பின்தொடருங்கள். டிரம்ஸ் என்றால் டிரம்ஸ், முதலிலிருந்து கடைசி வரை. பாடகரை மறந்துவிட்டு பேஸை மட்டும் கேட்டுக்கொண்டு போகும்போது, பாட்டு எந்த இடத்தில் திரும்புகிறது என்பதைப் பல சமயம் பேஸ்தான் முடிவு செய்கிறது என்பது தெரியவரும். எனக்கு ஆல்பங்கள் பிடிபடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது முறையில்தான். மூன்று முறைக்கு நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள், ஒரே நாளில் மூன்று முறை ஓட்டினால் காது மரத்துப்போகும்.

கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, ஆல்பம், ஒரே ஒரு வரி. மதிப்பெண் வேண்டாம்.

படி 3: எளிதான வாசல், ‘டைகர்ஸ் பிளட்’

தொடங்க வேண்டியது வாக்ஸஹாச்சியின் ‘டைகர்ஸ் பிளட்’. 2024 மார்ச் 22 அன்று ஆன்டி லேபிளில் வந்தது. வாக்ஸஹாச்சி என்பது கேட்டி க்ரட்ச்ஃபீல்ட் தனக்கு வைத்துக்கொண்ட மேடைப்பெயர், அலபாமாவில் அவர் வளர்ந்த பகுதியில் ஓடும் ஓடையின் பெயர் அது. ஆரம்ப காலத்தில் கரடுமுரடான ராக் பாடியவர், இப்போது நாட்டுப்புற கண்ட்ரி இசைப் பக்கம் வந்திருக்கிறார், அதனால்தான் புதியவர்களுக்கு இதை முதலில் கொடுக்கிறேன். மெட்டு உடனே ஒட்டிக்கொள்ளும், குரல் தெளிவு, எங்கேயும் அவசரம் கிடையாது. தயாரிப்பு பிராட் குக், பதிவு டெக்சாஸில் உள்ள சோனிக் ரான்ச் ஸ்டூடியோவில்.

இந்த ஆல்பத்திலிருந்து முதலில் வெளிவந்த ‘ரைட் பேக் டு இட்’ பாட்டை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்க் கேளுங்கள். பான்ஜோ என்ற தந்திக் கருவி மெதுவாகத் தொடங்கும். க்ரட்ச்ஃபீல்ட் பாட ஆரம்பிப்பார். பல்லவி வரும்போது அவர் குரலுக்குக் கீழே ஒரு ஆண் குரல் சேரும், கொஞ்சம் சோம்பலான, சுருதியில் சாய்ந்து நிற்கிற குரல், முன்னால் வரப் பார்க்காது, அவர் எங்கே போகிறாரோ அங்கே கூடவே நடக்கும். நீண்ட நாள் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேரைப் பற்றிய பாட்டுக்கு வேறு எந்த இசைக் கருவியும் அந்த வேலையைச் செய்திருக்காது. முதல் முறை கேட்டபோது யார் இந்த ஆள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அங்கேதான் அடுத்த படி இருக்கிறது.

படி 4: அந்தக் குரலைப் பின்தொடருங்கள்

அவர் பெயர் எம்.ஜே. லெண்டர்மன், வட கரோலினாவின் ஆஷ்வில்காரர். ‘டைகர்ஸ் பிளட்’ ஆல்பத்தில் கிட்டாரும் வாசித்தவர். அவருடைய ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று அதே ஆன்டி லேபிளில் வந்தது. மொத்தம் ஒன்பது பாட்டுகள். பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்திருக்கிறார்.

2024-இல் எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தோற்றுப்போன, கொஞ்சம் அசட்டுத்தனமான, தன்னைத் தானே கெடுத்துக்கொள்கிற ஆண்களைப் பற்றிய பாட்டுகள். ஆனால் அவர்களைக் கேலி செய்வதில்லை, நியாயப்படுத்துவதும் இல்லை. ஒரு வரியில் சிரிப்பு வரும், அடுத்த வரியில் அந்தச் சிரிப்புக்காக நமக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். அதனால் இந்த ஆல்பத்துக்கு இரண்டாம் முறை, அதாவது வரிகளோடு கேட்கும் முறை, ரொம்ப முக்கியம்.

கடைசிப் பாட்டு பத்து நிமிடம். பாட்டு என்று சொல்லத்தக்க பகுதி சில நிமிடங்களில் முடிந்துவிடும், மீதியெல்லாம் இழுத்து நீட்டிய கிட்டார் இரைச்சல், ஒரே சுருதியில் முனகிக்கொண்டு நிற்கும். புதிதாகக் கேட்பவர்கள் இந்த இடத்தில் அடுத்ததுக்குத் தாவிவிடுகிறார்கள். தாவாதீர்கள். எட்டு பாட்டுகளாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர்களுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு, அறையில் தங்கிவிடும் ஓசை மாதிரி இருக்கும் அது. இரைச்சலைக் கேட்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முதல் ஒரு நிமிடம் எரிச்சல் வரும், மூன்றாவது நிமிடத்தில் அதற்குள்ளேயே சின்னச் சின்ன அசைவுகள் கேட்கத் தொடங்கும்.

லெண்டர்மன் பிடித்துவிட்டது என்றால், அவர் கிட்டார் வாசித்த வெட்னஸ்டே குழுவின் ‘ராட் ஸா காட்’, 2023-இல் வந்தது, அதற்குப் போங்கள். அது இன்னும் சத்தம், இன்னும் கோபம். கார்லி ஹார்ட்ஸ்மன் பாடுகிறார், சில இடங்களில் கத்துகிறார், பக்கத்திலேயே ஸ்டீல் கிட்டார் அழுதுகொண்டிருக்கும்.

படி 5: ஒரே பாட்டு, இரண்டு உடம்பு

‘டைகர்ஸ் பிளட்’ வந்த அதே மார்ச் 22 அன்று 4ஏடி லேபிளில் ஏட்ரியன் லென்கரின் ‘பிரைட் ஃப்யூச்சர்’ வந்தது. பிக் தீஃப் குழுவின் பாடகர் அவர். காட்டுக்குள் இருக்கிற டபுள் இன்ஃபினிட்டி என்ற ஸ்டூடியோவில் நண்பர்கள் சிலர் கூடி, கம்ப்யூட்டர் இல்லாமல் நாடாவிலேயே பதிவு செய்தது. நாற்காலி நகர்வதும் மூச்சு இழுப்பதும் அருகிலேயே நடக்கிற மாதிரி இருக்கும். முதல் பாட்டில் அவர் தன் அம்மாவோடு கழித்த பால்யத்தை, பியானோ மட்டும் பக்கத்தில் இருக்க, மெட்டில் ஏற்றாமல் பேசுகிற மாதிரியே பாடிக்கொண்டு போவார். வரிகளோடு கேட்கிற நாளில் தனியாக இருங்கள்.

இந்த ஆல்பத்தை வைத்து ஒரு பயிற்சி செய்யலாம். இதில் ‘வாம்பயர் எம்பயர்’ என்று ஒரு பாட்டு. இதே பாட்டை பிக் தீஃப் குழு 2023-இல் தனிப்பாட்டாக வெளியிட்டிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குழுவின் வடிவத்தில் டிரம்ஸ் பாட்டைப் பின்னாலிருந்து தள்ளும், கோபம் மொத்தமாக ஏறிக்கொண்டே போகும். ‘பிரைட் ஃப்யூச்சர்’ வடிவத்தில் வயலினும் கிட்டாரும் பதற்றத்தோடு ஓட, குரல் அங்கங்கே கிழியும். மெட்டு அதே மெட்டு, வரிகளும் ஏறக்குறைய அவையே. இசைக்குழு என்பது ஒரு பாட்டுக்கு என்ன செய்கிறது என்று நூறு கட்டுரை படித்துத் தெரிந்துகொள்வதை இந்தச் சில நிமிடங்களில் காதாலேயே பிடித்துவிடலாம்.

படி 6: லேபிளைப் பிடியுங்கள், அப்புறம் ஒலிப்பதிவு செய்தவரை

ஆட்கள் மூலம் போகும் வழி ஒன்று, லேபிள் மூலம் போகும் வழி இன்னொன்று. 4ஏடி 1980-இல் லண்டனில் தொடங்கிய லேபிள். அதே லேபிளில் 2024 நவம்பர் 22 அன்று கிம் டீலின் ‘நோபடி லவ்ஸ் யூ மோர்’ வந்தது. பிக்ஸீஸ் குழுவில் பேஸ் வாசித்தவர், பிரீடர்ஸ் குழுவைத் தொடங்கி நடத்தியவர். இவ்வளவு காலத்துக்குப் பிறகு 63 வயதில் அவர் பெயரில் வந்த முதல் தனி ஆல்பம். ட்ரம்பெட், வயலின் எல்லாம் வைத்து ஆரம்பிக்கும், பிறகு திடீரென்று கரடுமுரடாகத் திரும்பும். மூன்றாம் முறை கேட்கும்போது எந்தக் கருவியைப் பின்தொடர வேண்டும் என்று சொல்லவே வேண்டாம், பேஸ்தான்.

இதில் சில பாட்டுகளைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. பிக்ஸீஸின் ‘சர்ஃபர் ரோஸா’ (1988), பி.ஜே. ஹார்வியின் ‘ரிட் ஆஃப் மி’ (1993), நிர்வாணாவின் ‘இன் யூட்ரோ’ (1993) எல்லாம் அவர் கைபட்டவை. தன்னைத் தயாரிப்பாளர் என்று போடச் சம்மதிக்காதவர், விற்பனையில் பங்கு வாங்குவது குழுவினரின் பணத்தை எடுப்பது என்று நினைத்து, செய்த வேலைக்குக் கூலி மட்டும் வாங்கியவர். நிர்வாணா ஆல்பத்துக்கும் அப்படித்தான். 2024 மே 7 அன்று 61 வயதில் மாரடைப்பில் இறந்தார். பத்து நாள் கழித்து, மே 17 அன்று, அவருடைய சொந்தக் குழுவான ஷெல்லாக்கின் ‘டு ஆல் டிரெய்ன்ஸ்’ வெளிவந்தது, தேதி ஏற்கெனவே குறித்தது. பத்து பாட்டு, 28 நிமிடம்.

ஷெல்லாக்கை மற்றதெல்லாம் கேட்ட பிறகு கேளுங்கள். கிட்டார் கத்தி மாதிரி, இனிமை என்று எதுவும் தர மாட்டார்கள். டிரம்ஸை மட்டும் கவனியுங்கள்: அடிக்கிற குச்சிக்கும் தோலுக்கும் அறையின் சுவருக்கும் நடுவே இருக்கிற தூரம் கேட்கும். மைக்கை எங்கே வைப்பது என்பதில் ஆல்பினி வாழ்நாள் முழுக்கக் காட்டிய அக்கறை அது. இதைக் கேட்டுவிட்டு ‘ரிட் ஆஃப் மி’ போட்டுப் பாருங்கள், அதே அறை ஓசை முப்பது வருடத்துக்கு முன்னாலும் இருப்பது தெரியும்.

யார் எதில் வாசித்தார்கள், யார் பதிவு செய்தார்கள் என்ற விவரம் ஸ்ட்ரீமிங் செயலிகளில் அரைகுறையாகத்தான் இருக்கும். டிஸ்காக்ஸ் தளத்திலும், பல ஆல்பங்களுக்கு பேண்ட்கேம்ப் பக்கத்திலும் முழுசாகக் கிடைக்கும். ஒரு ஆல்பம் பிடித்தால் உடனே அந்தப் பெயர்ப் பட்டியலைத் திறந்து, தெரியாத ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆள் வேறு எதில் இருக்கிறார் என்று பாருங்கள். எனக்குப் பிடித்த ஆல்பங்களில் பாதி இப்படி வந்தவைதான்.

படி 7: சத்தமும் பொறுமையும்

சத்தம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஃபாண்டெய்ன்ஸ் டி.சி.யின் ‘ரொமான்ஸ்’. டப்ளின் நகரத்தில் உருவான குழு, டி.சி. என்பதே டப்ளின் சிட்டி. முதல் மூன்று ஆல்பங்களில் இருந்த கறுத்த, இறுகிய ஒலியை விட்டுவிட்டு, ஜேம்ஸ் ஃபோர்ட் தயாரிப்பில் பெரிய அரங்குகளுக்கு ஏற்ற ஒலிக்கு வந்திருக்கிறார்கள். லண்டனின் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தில் பாடகர் கிரியன் சாட்டனுக்கு வந்த பதற்றத் தாக்குதலிலிருந்து பிறந்த ஒரு பாட்டு இதில் உண்டு, ‘ஸ்டார்பர்ஸ்டர்’. அதில் மூச்சுத் திணறி உள்ளே இழுக்கிற ஓசையையே தாளத்தின் ஒரு பகுதியாக வைத்திருக்கிறார்கள்.

பொறுமை வேண்டும் என்றால் தி க்யூர். ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’, நவம்பர் 1, முந்தைய ஆல்பத்துக்கு 16 வருடம் கழித்து. லேபிள் கணக்கில் இது இண்டி கிடையாது, பெரிய நிறுவனமான யுனிவர்சல் வீட்டுப் பிள்ளை. ஆனால் இண்டி கிட்டார் ஒலியின் பாதி இவர்களிடமிருந்து வந்தது, விட்டுவிட முடியாது. எட்டே பாட்டு. முதல் பாட்டில் பாடகர் ராபர்ட் ஸ்மித்தின் குரல் வருவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், கடைசிப் பாட்டில் ஆறு நிமிடத்துக்கு மேல். குரல் எப்போது வரும் என்று காத்திருக்காமல் இருக்கப் பழகிவிட்டால் இந்த ஆல்பம் உங்களுடையது. நடுவில் காதுக்கு ஓய்வு வேண்டும் என்றால் ஜெசிகா பிராட்டின் ‘ஹியர் இன் தி பிட்ச்’, 27 நிமிடம், மெல்லிய குரல்.

படி 8: ‘டயமண்ட் ஜூபிலி’யைக் கடைசிக்கு வையுங்கள்

சிண்டி லீ என்பது கனடாவின் கால்கரியைச் சேர்ந்த விமன் என்ற குழுவில் முன்பு பாடிய பேட்ரிக் ஃப்ளெகல் மேடையில் எடுத்துக்கொண்ட பெண் உருவம். ‘டயமண்ட் ஜூபிலி’ மார்ச் 29 அன்று வந்தபோது எந்த ஸ்ட்ரீமிங் செயலியிலும் கிடையாது. ஒரு பழைய பாணி இணையப் பக்கத்திலிருந்து கோப்புகளாக இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் யூடியூபில் ஒரே நீளமான ஓட்டமாகக் கேட்க வேண்டும். 32 பாட்டு, இரண்டு மணி நேரம். விளம்பரம் எதுவும் இல்லாமல் வாய்வழியாகவே பரவி, ஆண்டுக் கடைசிப் பட்டியல்கள் பலவற்றில் மேலே வந்து நின்றது.

அறுபதுகளின் பெண் குழுப் பாட்டுகள் தொலைதூர வானொலியிலிருந்து கரகரப்போடு வருவது போல இருக்கும். நடுவில் ஒரு கிட்டார் துண்டு நம்மை அப்படியே நிறுத்திவிடும், பெயர் பார்ப்பதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும். இதற்கு மட்டும் என் விதியைத் தளர்த்துகிறேன்: ஒரே மூச்சில் கேட்க வேண்டாம், இரண்டு வட்டாகத்தான் பிரித்திருக்கிறார்கள், ஒரு இரவுக்கு ஒன்று போதும்.

படி 9: உங்கள் பட்டியல்

இப்போது எழுதலாம். பத்து இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆறு பிடித்திருந்தால் ஆறு எழுதுங்கள். மறுபதிப்புகளையும் கச்சேரிப் பதிவுகளையும் சேர்க்காதீர்கள். நோட்டைத் திறந்து, எந்த ஆல்பத்தின் பெயர் யாரும் சொல்லாமல் நான்காவது, ஐந்தாவது முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள், அதுதான் வரிசை. மற்றவர்களின் பட்டியலைப் பார்ப்பது இதற்குப் பிறகுதான். முன்னாலேயே பார்த்தால் நம் காது அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும், எனக்கு அது நடந்திருக்கிறது, ஒரு வருடம் நான் எழுதிய பட்டியலில் ஒரே தடவை கேட்ட ஆல்பங்கள் மூன்று இருந்தன.

இன்னொன்று, டிசம்பரில் மூடிவிடாதீர்கள். நவம்பர் கடைசியில் வந்த கிம் டீலுக்கு மூன்று முறை கேட்கிற அவகாசமே கிடைக்காது. அதேபோல ஜனவரி, பிப்ரவரியில் வந்தவை மறந்தே போயிருக்கும். ஜனவரி முடியும்வரை பட்டியல் திறந்தே இருக்கட்டும்.

என் பட்டியலின் மேல் பகுதி: லெண்டர்மன், லென்கர், சிண்டி லீ, வாக்ஸஹாச்சி, கிம் டீல், தி க்யூர். லென்கர் முதலிடத்துக்கு வரலாம் என்று அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதே ஆட்களைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கும் போகலாம். வெட்னஸ்டேயின் ‘பிளீட்ஸ்’ 2025 செப்டம்பரில் வந்தது, கிட்டாரில் லெண்டர்மன் இருக்கிறார். பிக் தீஃபின் புதிய ஆல்பமும் அதே செப்டம்பரில்தான். அதன் பெயர் ‘டபுள் இன்ஃபினிட்டி’.